தெளிவாக இருக்கும்போதே எழுதி வைக்க வேண்டிய காகிதம்

எனக்கு பைபோலார், அதாவது மனம் அளவுமீறிய உற்சாகத்துக்கும் கடும் சோர்வுக்கும் மாறி மாறிப் போகும் மனநோய். மாத்திரை சாப்பிட்டுக்கொண்டு வேலைக்கும் போகிறேன். நோய் முற்றும் நாட்களில் நான் பேசுவதெல்லாம் உளறல் என்றே எடுத்துக்கொள்வார்கள். அதனால் தெளிவாக இருக்கும்போதே எனக்கு எது வேண்டும், எது வேண்டாம் என்று எழுதிவிட்டேன். 2017-இன் மனநலப் பராமரிப்புச் சட்டப்படி 18 வயது நிரம்பிய யாரும் இப்படி எழுதலாம். நோய் இருக்க வேண்டும் என்றுகூட இல்லை.

"நல்ல சிகிச்சை வேண்டும்" என்று எழுதினால் பயனில்லை. நான் எழுதியது இது: "ஹாலோபெரிடால் ஊசி போட்டால் எனக்குக் கழுத்து இழுத்துக்கொள்ளும், அது வேண்டாம். லித்தியம் ஒத்துக்கொள்ளும்." சாட்சிகள் இருவரிடம் கையெழுத்து வாங்குங்கள். நகலை டாக்டரின் ஃபைலில் வைக்கச் சொல்லுங்கள்; அதை அவர் கையில் சேர்ப்பது நம் பொறுப்பு.

அப்புறம், உங்களால் முடிவெடுக்க முடியாதபோது உங்களுக்காகப் பேச ஒரு பிரதிநிதியை நியமியுங்கள். அவர் சொந்தக்காரராகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. என் அண்ணன் நல்லவர்தான், ஆனால் டாக்டர் எது சொன்னாலும் தலையாட்டுவார். அதனால் சித்தி மகளை நியமித்தேன். அவள் வாக்குவாதம் செய்வாள். அவளுடைய சம்மதத்தையும் எழுத்தில் வாங்கினேன்.

குடும்பத்துக்கோ டாக்டருக்கோ இந்தக் காகிதம் பிடிக்காவிட்டால், இந்தச் சட்டப்படி அமையும் மனநல மறுஆய்வு வாரியத்திடம்தான் மனுப் போட வேண்டும். தாங்களாகவே ஒதுக்கிவைக்க முடியாது. ஆனால் அவசர சிகிச்சைக்கு இது செல்லாது. அந்த அவசரத்துக்கும் 72 மணி நேரம்தான் கணக்கு.

நோயாளியின் சம்மதமில்லாமல் மருத்துவமனையில் சேர்ப்பதற்குப் பிரதிநிதியின் விண்ணப்பம் வேண்டும். இரண்டு பேர் தனித்தனியாகப் பரிசோதிக்க வேண்டும், அதில் ஒருவர் மனநல மருத்துவர். முதல் தடவை 30 நாளுக்கு மேல் வைத்திருக்க முடியாது. வாரியத்துக்கு 7 நாளில் தகவல் போக வேண்டும், பெண்ணென்றால் 3 நாளில். சேர்த்தது தவறென்று நோயாளியே வாரியத்தில் முறையிடலாம், இலவச சட்ட உதவியும் உண்டு. சங்கிலி எந்த வடிவிலும் கூடாது. ஏர்வாடியில் ஒரு மனநலக் காப்பகம் 2001 ஆகஸ்ட் 6 அன்று தீப்பிடித்தபோது சங்கிலியால் கட்டப்பட்டிருந்தவர்களால் ஓட முடியவில்லை. 28 பேர் செத்தார்கள்.

தெருவில் திரிகிறார் என்று போலீஸ் அழைத்துப் போனாலும் லாக்கப்பில் வைக்கக் கூடாது. 24 மணி நேரத்துக்குள் அரசு மருத்துவமனைக்குப் பரிசோதனைக்குக் கூட்டிப்போக வேண்டும். ஸ்டேஷனுக்குப் போகிறவர் முதலில் கேட்க வேண்டியது, எத்தனை மணிக்குக் கூட்டிவந்தார்கள் என்பதைத்தான்.

மருந்தோ மனதோ மாறினால் காகிதத்தைத் திருத்தி எழுதலாம். அப்போது டாக்டரிடம் இருக்கும் பழைய நகலை மறக்காமல் திரும்ப வாங்கிவிடுங்கள்.