ரெகேடோன் பற்றிப் பேசும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

2017இல் 'டெஸ்பாசிட்டோ' உலகெங்கும் ஒலித்தபோதுதான் நம்மில் பலர் ரெகேடோன் என்ற பெயரையே கேள்விப்பட்டோம். அதனால் இது அண்மையில் முளைத்த பாப் இசை என்ற எண்ணம் ஒட்டிக்கொண்டது. அந்தப் பாட்டில் லூயிஸ் ஃபோன்சி பாப் பாடகர். உடன் பாடிய டாடி யாங்கிதான் ரெகேடோன் உலகத்துக்காரர். 1990களிலேயே டிஜே ப்ளேயரோவின் கேசட்டுகளில் பாடியவர், 2004இல் 'கசோலினா' மூலம் இந்த இசையைப் பல நாடுகளுக்குக் கொண்டுபோனவர்.

இதைவிட ஆழமாக வேரோடிய தவறு ஒன்று உண்டு. ரெகேடோன் முழுக்க முழுக்க, அமெரிக்க ஆட்சிக்குட்பட்ட கரீபியத் தீவான புவேர்ட்டோ ரிக்கோவில் பிறந்தது என்பது. அங்கே அது வளர்ந்தது, இன்றைய வடிவத்தையும் பெற்றது. ஆனால் கதையைப் பனாமாவிலிருந்து தொடங்காவிட்டால் பாதி மனிதர்கள் விடுபட்டுப் போவார்கள். 1904 முதல் 1914 வரை அமெரிக்கா பனாமா கால்வாயை வெட்டியபோது, பார்படோஸ், ஜமைக்கா போன்ற தீவுகளிலிருந்து கறுப்பினத் தொழிலாளர்கள் ஆயிரக்கணக்கில் வந்து சேர்ந்தார்கள். அவர்களுடைய வழித்தோன்றல்கள் ஜமைக்க இசையோடு உறவை விடவில்லை. ரெனாட்டோ, நான்டோ பூம், எல் ஜெனரல் போன்ற பனாமாப் பாடகர்கள் 1980களில், ரெகேயிலிருந்து கிளைத்த ஜமைக்க ஆட்ட இசையான டான்ஸ்ஹால் பாணியில் ஸ்பானிய மொழியில் பாடினார்கள். இவர்கள் பெயரைச் சொல்லாமல் 'லத்தீன் இசை' என்று பொதுவாக முடித்துவிடுவது, கூலிக்கு வந்த கறுப்பின மக்களின் பங்கை அழிப்பதாகும். எனக்கு இதுதான் மிகவும் வருத்தம் தரும் தவறு.

ஸ்பானிய மொழியில் பாடினால் ரெகே ரெகேடோன் ஆகிவிடும் என்பதும் சரியல்ல. பாப் மார்லி காலத்து ரெகே நிதானமானது. அதில் கித்தார் தாளத்தின் இடைவெளிகளில் விழும். ரெகேடோனின் நேரடித் தாய் டான்ஸ்ஹால். ரெகேடோனின் அடித்தாளத்துக்கு 'டெம்போ' (Dembow; வேகத்தைக் குறிக்கும் டெம்போ அல்ல) என்று பெயர்; 1990 வாக்கில் ஜமைக்கப் பாடகர் ஷாபா ராங்க்ஸ் பாடிய அதே பெயருடைய பாட்டிலிருந்து வந்தது. கொன்னக்கோல் தெரிந்தவர்களுக்கு இதைப் பிடிப்பது எளிது: 'தகிட தகிட தக' என்று எட்டு எண்ணுங்கள். ஒன்றிலும் ஐந்திலும் கனமான கிக் டிரம் விழும். இரண்டாவது 'தகிட' தொடங்கும் இடத்திலும் 'தக' தொடங்கும் இடத்திலும் கூர்மையாக ஒலிக்கும் ஸ்னேர் டிரம் விழும். அந்த இரண்டும் உரசும் இடத்தில்தான் உடம்பு தானாக அசைகிறது.

எல்லாப் பாட்டும் ஒரே மாதிரி இருக்கிறதே, காப்பியா என்று கேட்பவர்கள் உண்டு. ஒரே இசைத் தளத்தின் மேல் பலர் பலவிதமாகப் பாடுவது ஜமைக்காவின் மரபு. அந்தத் தளத்தை 'ரிடிம்' என்பார்கள். பகிர்தலே அங்கு அடிப்படை. ஆனால் உருவாக்கியவர்களை மறப்பதற்கு அது சாக்கு ஆகாது. 'டெம்போ'வின் மூலத் தாளத்தை அமைத்தவர்கள் ஸ்டீலி, கிளீவி என்ற ஜமைக்க இரட்டையர். தங்கள் தாளத்தை அனுமதியின்றிப் பயன்படுத்தியதாகக் கிளீவியும், 2009இல் மறைந்த ஸ்டீலியின் தரப்பும் 2021இல் அமெரிக்க நீதிமன்றத்தில் தொடுத்த வழக்கு பின்னர் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பாடல்களைத் தொடும் அளவுக்கு விரிந்தது.

ஸ்பானியப் பாட்டெல்லாம் ரெகேடோன் இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். சல்சா, பச்சாட்டா, லத்தீன் டிராப் எல்லாம் வேறு வேறு.

கடைசியாக, ஆபாச இசை என்று ஒரே சொல்லில் ஒதுக்குவது. பல பாடல்களில் பெண்களைச் சித்திரிக்கும் விதம் கண்டிக்கத்தக்கது. ஷாபா ராங்க்ஸின் அந்த மூலப் பாட்டிலேயே ஒருபாலீர்ப்பாளர்கள் மீது வெறுப்பு இருக்கிறது. இவற்றை மறைக்கக் கூடாது. ஆனால் இதற்குள்ளிருந்தே எழுந்த பதிலையும் கேட்க வேண்டும். ஆடுவேன், அதனால் படுக்கைக்கு வருவேன் என்று எண்ணாதே என்று 2003இல் அடித்துப் பாடினார் ரெகேடோன் பாடகி ஐவி குயின். ஆண்கள் நிறைந்த களத்தில் தொடக்கத்திலிருந்தே நின்றவர் அவர்.

ஒழுக்கத்தின் பெயரால் இந்த இசையை யார் அடக்கினார்கள் என்பதையும் பார்க்க வேண்டும். புவேர்ட்டோ ரிக்கோவில் பெட்ரோ ரொசெயோ ஆளுநராக இருந்தபோது, குற்ற ஒழிப்பு என்ற பெயரில் ஏழைகளின் அரசுக் குடியிருப்புகளுக்குள் தேசியக் காவற்படை நுழைந்தது. 1995இல் போலீசார் கடைகளில் புகுந்து, அன்று 'அண்டர்கிரவுண்ட்' எனப்பட்ட இந்த இசையின் கேசட்டுகளைப் பறிமுதல் செய்தார்கள். அது அந்தக் குடியிருப்புகளில் வளர்ந்த இளைஞர்களின் இசை. 2002இல் 'பெர்ரேயோ' என்ற அதன் நடனத்துக்கு எதிராகச் செனட்டிலும் குரல் எழுந்தது.

2019 ஜூலையில் அதே பெட்ரோவின் மகன் ரிக்கார்டோ ரொசெயோ ஆளுநர் நாற்காலியில் இருந்தார். அவரைப் பதவி விலகச் சொல்லி மக்கள் தெருவில் திரண்டார்கள். அவர் விலகலை அறிவித்த இரவில், சான் ஹுவான் பேராலயத்தின் முன்னால் இளைஞர்கள் கூடி ரெகேடோனுக்குப் பெர்ரேயோ ஆடினார்கள்.