ஆலை மூடிய நிறுவனத்தின் பழைய காரை வாங்குவது எப்படி: ஃபோர்டு ஈகோஸ்போர்ட்டை வைத்து ஒரு வழிகாட்டி

1995-இல் மஹிந்திராவோடு கூட்டுச் சேர்ந்து இந்தியாவுக்குள் வந்த ஃபோர்டு, பத்தாண்டுகளில் 200 கோடி டாலருக்கு மேல் நட்டப்பட்டு, உற்பத்தியை நிறுத்துவதாக 2021 செப்டம்பர் 9 அன்று அறிவித்தது. குஜராத்தின் சானந்த் ஆலை டாடா கைக்குப் போனது. சென்னை அருகே மறைமலைநகர் ஆலையில் கடைசி ஈகோஸ்போர்ட் (ஃபோர்டின் சிறிய எஸ்யூவி) 2022 ஜூலையில் இறங்கியது. சர்வீஸும் உதிரிபாகமும் தொடரும் என்று நிறுவனம் சொன்னது, தொடரவும் செய்கிறது. ஆனால் இப்படிப்பட்ட காரை வாங்கும்போது "ஃபோர்டு நல்ல காரா?" என்று கேட்பதில் பயனில்லை. எந்த எஞ்சின், எந்த கியர்பாக்ஸ், உடைந்தால் எந்தப் பாகம் கிடைக்கும் என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

முதலில் எஞ்சினை அடையாளம் காணுங்கள்

2006-இல் வந்த சிறு கார் வரிச் சலுகைக்கு நீளம் 4 மீட்டருக்குள் இருக்க வேண்டும். பெட்ரோல் எஞ்சின் 1200 சிசியையும் டீசல் 1500 சிசியையும் தாண்டக் கூடாது. ஈகோஸ்போர்ட்டின் 1.0 ஈகோபூஸ்ட்டும் (டர்போ பெட்ரோல்) 1498 சிசி டீசலும் அந்த அளவுக்குள் அடங்கின, 1.5 பெட்ரோல் அடங்கவில்லை. ஒரே காருக்குள் இத்தனை எஞ்சின்கள் இருப்பதற்கு இந்தக் கணக்கும் ஒரு காரணம். ஆர்சி புத்தகத்தில் சிசி, எரிபொருள், தயாரிப்பு மாதம் மூன்றையும் பாருங்கள். 2017 இறுதியில் தோற்றம் மாற்றி வந்த மாடலுக்கு முன்பான 1.5 பெட்ரோலில் நாலு சிலிண்டர், அதற்குப் பிறகு மூன்று சிலிண்டர். இரண்டும் வேறு வேறு எஞ்சின்கள்.

டீசலில் டைமிங் பெல்ட் (வால்வையும் பிஸ்டனையும் ஒரே தாளத்தில் இயக்கும் ரப்பர் பெல்ட்) வெளியே, உலர்ந்த நிலையில் ஓடுகிறது. கிலோமீட்டர் குறைவாக இருந்தாலும் ரப்பருக்கு வயதாகும். எட்டு, பத்து வருடக் காரில் பெல்ட் மாற்றிய ரசீது இல்லையென்றால் மாற்றவில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். மேல் பக்க பிளாஸ்டிக் மூடியைக் கழற்றினால் பெல்ட் தெரியும். விளிம்பில் நூல் பிரிந்திருக்கிறதா, முதுகில் வெடிப்பு இருக்கிறதா, எண்ணெய்க் கசிவு பட்டிருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். பெல்ட் அறுந்தால் வால்வும் பிஸ்டனும் மோதி, எஞ்சினின் மேல்பகுதியான சிலிண்டர் ஹெட்டையே இறக்க வேண்டி வரும். மாற்றும்போது பெல்ட்டோடு அதைத் தாங்கும் உருளைகளான டென்ஷனர், ஐட்லர், கூடவே வாட்டர் பம்ப் எல்லாவற்றையும் சேர்த்தே மாற்றுங்கள். பம்ப்பைச் சுழற்றுவதும் அதே பெல்ட்தான். பழைய பம்ப் இறுகினால் புது பெல்ட்டும் போய்விடும். கேம்ஷாஃப்டையும் ஃப்ளைவீலையும் பூட்டும் பின்கள் இல்லாமல், பெயிண்டால் கோடு போட்டு வேலை செய்யும் பட்டறைக்குக் கொடுக்காதீர்கள். இன்ஜெக்டர் அடியில் கருப்பாகத் தார் போலப் படிந்திருந்தால் செம்பு வாஷர் கசிகிறது என்று பொருள். விட்டுவைத்தால் பிறகு இன்ஜெக்டரைக் கழற்றுவதே பெரும்பாடாகிவிடும்.

1.0 ஈகோபூஸ்ட்டிலும் மூன்று சிலிண்டர் 1.5 பெட்ரோலிலும் டைமிங் பெல்ட் எஞ்சின் எண்ணெய்க்குள்ளேயே ஓடுகிறது. உராய்வையும் சத்தத்தையும் குறைக்க எடுத்த வடிவமைப்பு முடிவு இது. புத்திசாலித்தனமான முடிவுதான், ஆனால் எண்ணெய் விஷயத்தில் மன்னிப்பே கிடையாது. தவறான எண்ணெய் ஊற்றினாலோ, மாற்றுவதைத் தள்ளிப்போட்டாலோ, குட்டிக் குட்டிப் பயணங்களில் எரியாத பெட்ரோல் எண்ணெயில் கலந்தாலோ ரப்பர் ஊறி உதிர்கிறது. உதிர்ந்த துகள் சம்ப்பில் (எஞ்சின் அடியில் உள்ள எண்ணெய்த் தொட்டி) இருக்கும் ஆயில் ஸ்ட்ரெய்னர் வலையை அடைக்கும், பிரஷர் இறங்கும், டர்போவும் பேரிங்கும் எண்ணெய் இல்லாமல் காயும். பெல்ட் அறுவதற்கு முன்பே எஞ்சின் போய்விடலாம்.

எனவே ஈகோபூஸ்ட் வாங்குவதாக இருந்தால், அரை மணி நேரம் ஓட்டிவிட்டு ஐட்லிங்கில் நிறுத்தி ஆயில் விளக்கைக் கவனியுங்கள். ஒரு முறை மினுக்கினாலும் மேலே பேச வேண்டாம். விளக்கு எரியாவிட்டாலும், உங்கள் செலவில் சம்ப்பை இறக்கி ஸ்ட்ரெய்னரைப் பார்க்கச் சம்மதம் கேளுங்கள். வலையில் கருப்பு ரப்பர் துகள் இருந்தால் பெல்ட் வேலை முழுச் செலவையும் விலையில் கழியுங்கள். உரிமையாளர் சம்மதிக்காவிட்டாலும் அதே கழிவுதான். இதன் கிராங்க் புல்லியில் (எஞ்சின் தண்டின் நுனியில் உள்ள சக்கரம்) அதை நகராமல் பிடிக்கும் சாவிக்காடி இல்லை, போல்ட் இறுக்கத்தில்தான் நிற்கிறது. அதற்கான பூட்டுக் கருவி இருக்கும் இடத்தில் மட்டுமே வேலையைக் கொடுங்கள். எண்ணெய் டப்பாவில் 5டபிள்யூ-20 என்று இருந்தால் மட்டும் போதாது, டபிள்யூஎஸ்எஸ்-எம்2சி948-பி என்ற ஃபோர்டு தரக் குறியீடும் இருக்க வேண்டும். டீசலுக்கு வேறு: 5டபிள்யூ-30, எம்2சி913-டி.

எங்கள் முடிவு: அதிகம் ஓட்டுபவர்களுக்கு டீசல், கொஞ்சமாக ஓட்டுபவர்களுக்கு நாலு சிலிண்டர் 1.5 பெட்ரோல் மேனுவல். முழு சர்வீஸ் ரசீது இருந்தால் மட்டும் ஈகோபூஸ்ட்.

ஆட்டோமேட்டிக் என்றால்

2017-க்கு முந்தைய பவர்ஷிஃப்ட் என்ற ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸில், எண்ணெயில் மூழ்காத உலர் இரட்டை கிளட்ச் இருக்கிறது. நெரிசலில் ஊர்ந்தால் அது சூடாகி, முதல் கியரிலிருந்து இரண்டுக்கு மாறும்போது உடம்பே அதிரும். காலையில் குளிர்ந்த எஞ்சினில் ஓட்டிப் பார்த்தால் இது தெரியாது. மாலை நெரிசலில் 30 நிமிடம் ஓட்டிவிட்டு, மேம்பால ஏற்றத்தில் 10 கிமீ வேகத்தில் ஊர்ந்து பாருங்கள். அதிர்ந்தால் விட்டுவிடுங்கள். பின்னால் வந்த, கிளட்சுக்குப் பதில் திரவம் மூலம் விசையைக் கடத்தும் டார்க் கன்வெர்ட்டர் ஆட்டோமேட்டிக்கில் இந்தக் கோளாறு இல்லை.

உதிரிபாகம்

பிரேக் பேட், ஃபில்டர், கிளட்ச், லிங்க் ராடு, புஷ் இவையெல்லாம் சப்ளையர் நிறுவனங்கள் செய்பவை. ஆலை மூடினாலும் வெளிக்கடையில் கிடைக்கும். ஹெட்லைட், பம்பர், பின்கதவு, மின்னணு மாட்யூல் போன்றவை ஃபோர்டுக்கென்றே செய்தவை. சிக்கல் அங்கேதான். விலை பேசும் முன்பு, காரின் சேசிஸ் எண்ணைச் சொல்லி (இந்திய ஃபோர்டு என்றால் எம்ஏஜே என்று தொடங்கும்) பக்கத்து ஃபோர்டு சர்வீஸ் சென்டரின் பாக கவுண்டரில் வலது ஹெட்லைட், முன் பம்பர், ஏபிஎஸ் மாட்யூல் மூன்றும் எத்தனை நாளில் வரும், என்ன விலை என்று கேளுங்கள். நீங்கள் வாங்கப் போகும் மாடலுக்கான உண்மை நிலவரம் அந்தப் பதிலில் வந்துவிடும். கதவு, பம்பர் போன்றவற்றைச் சென்னை புதுப்பேட்டையின் பழைய உதிரிபாகக் கடைகளில் தேடலாம். ஏர்பேகையும் பிரேக் பாகத்தையும் அங்கே வாங்கவே வாங்காதீர்கள்.

2025 அக்டோபரில் மறைமலைநகருக்காக ஃபோர்டு தமிழக அரசோடு 3,250 கோடி ரூபாய் ஒப்பந்தம் போட்டதைச் சொல்லி விற்பவர் விலையை ஏற்றலாம். அது புதிய ஏற்றுமதி எஞ்சின்களுக்கு. உங்கள் ஈகோஸ்போர்ட் பம்பருக்கும் அதற்கும் தொடர்பில்லை.

பின்கதவில் ஸ்டெப்னி தொங்கும் வண்டிகளில் கீலுக்குச் சுமை அதிகம். கதவைப் பாதி திறந்து, நுனியைப் பிடித்து மேலே தூக்கிப் பாருங்கள். ஆட்டம் இருந்தால் கீல் தேய்ந்துவிட்டது. கீழே தரைவிரிப்பைத் தூக்கி ஈரக்கறையையும் பாருங்கள். ஃபோர்டு கார்களின் கோளாறுகளைப் படிக்கும் ஃபோர்ஸ்கேன் செயலியும், காரின் சோதனைச் சாக்கெட்டில் செருகும் ஓபிடி அடாப்டரும் கொண்டு எல்லா மாட்யூல்களிலும் பிழைக் குறியீடு படித்துவிடுங்கள். டாஷ்போர்டில் எச்சரிக்கை விளக்கைக் காட்டாத கோளாறும் வெளியே வரும். சாவி இரண்டும் இருந்தால்தான் பணம் கொடுங்கள்.

காகிதம்

ஆர்சி மாற்றத்துக்குப் படிவம் 29, 30. கடன் இருந்திருந்தால் வங்கி கையெழுத்திட்ட படிவம் 35. வெளி மாநில வண்டி என்றால் படிவம் 28, அதாவது என்ஓசி (தடையில்லாச் சான்று). இன்சூரன்ஸை 14 நாளுக்குள் உங்கள் பெயருக்கு மாற்றிவிடுங்கள். பாலிசி எடுக்கும்போது, பாகம் வரத் தாமதமானால் வண்டி எத்தனை நாள் பட்டறையில் நிற்கலாம், நிறுத்தக் கட்டணம் யார் தலையில் விழும் என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.