ரூன்குவெஸ்ட், குளோராந்தா: ஆரம்ப வரலாற்றை எழுதும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஆளுக்கொரு கதாபாத்திரமாகி, பகடை வீசிக் கதையை நகர்த்தும் விளையாட்டுதான் ரோல்-பிளேயிங் கேம்; அவ்வகையைச் சேர்ந்த ரூன்குவெஸ்ட் வெளிவந்தது 1978-இல். அதனால் அதன் கதைக்களமான குளோராந்தாவும் அப்போதுதான் பிறந்தது என்று பலர் எழுதிவிடுகிறார்கள். மற்ற குழப்பங்களுக்கெல்லாம் வேர் இதுதான். கிரெக் ஸ்டாஃபோர்ட் குளோராந்தா கதைகளை எழுதத் தொடங்கியது 1966-இல், விஸ்கான்சின் மாநிலத்து பெலாய்ட் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தபோது. இவ்வகை விளையாட்டுகளின் முன்னோடியான டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் (டி அண்ட் டி) அச்சேறியதோ 1974-இல். எனவே அதைப் பார்த்து உருவாக்கிய உலகம் என்று சொல்வது தவறு.

நடுவில் வந்த போர்டு கேமை விட்டுவிடுவது அடுத்த தவறு. 'ஒயிட் பேர் அண்ட் ரெட் மூன்' 1975-இல் வந்தது. குளோராந்தாவிலுள்ள டிராகன் பாஸ் என்ற மலைப்பகுதிக்காக சார்டார் நாட்டாரும் லூனார் பேரரசும் மோதும் போர் விளையாட்டு அது. ஸ்டாஃபோர்ட் கயோசியம் நிறுவனத்தைத் தொடங்கியதே இதை வெளியிடத்தான். பின்னாளில் இதையே திருத்தி 'டிராகன் பாஸ்' என்ற பெயரில் விட்டார்கள். இரண்டையும் சம்பந்தமில்லாத விளையாட்டுகளாக எண்ணிவிடக் கூடாது.

ரூன்குவெஸ்டின் விதிகளையும் ஸ்டாஃபோர்ட் பெயரில் எழுதுகிறார்கள். இது நியாயமே இல்லை. உலகம் அவருடையது, விதிகள் ஸ்டீவ் பெரினும் ரே டர்னியும் நண்பர்களும் வகுத்தவை. கவசம் அணிந்து பிரம்புக் கழியால் மோதும் சங்கம் ஒன்றில் பெரின் தொடக்க காலத்திலிருந்தே இருந்தவர். அந்த அனுபவம் விதிகளில் தெரிகிறது. டி அண்ட் டியில் கவசம் இருந்தால் அடி படுவதே கடினமாகும். இங்கே அப்படியில்லை. நூறு பக்கப் பகடை வீச்சில் தாக்குதல் பலித்து, எதிராளி தடுக்கத் தவறினால், இருபது பக்கப் பகடை எந்த உறுப்பு என்று சொல்லும். வெட்டு 8 புள்ளி, கைக்கவசம் 5 தாங்கும் என்றால் கைக்குச் சேதம் 3 மட்டுமே.

ரூன்குவெஸ்டில் லெவல், அதாவது கதாபாத்திரத்தின் ஒட்டுமொத்தத் தகுதிநிலை, இல்லை என்பதை வளர்ச்சியே இல்லை என்று புரிந்துகொள்பவர்களும் உண்டு. ஒரு திறனை சாகசத்தின்போது வெற்றிகரமாகப் பயன்படுத்தியிருந்தால், பிறகு அது உயர்கிறதா என்று பகடை வீசிப் பார்க்க வேண்டும். வாள்வீச்சு 40 சதவீதம் என்றால் அது 5 புள்ளி உயர ஏறக்குறைய 60 சதவீத வாய்ப்பு. 80 ஆனபின் வாய்ப்பு 20-தான். புத்திக்கூர்மைக்கு ஏற்ப இது கொஞ்சம் மாறும். தேர்ந்தவருக்கு முன்னேற்றம் மெதுவாவது இப்படித்தான்.

கடைசியாக, பதிப்புகளைக் கலப்பது. 1984-இல் அவலான் ஹில் நிறுவனம் வெளியிட்ட ரூன்குவெஸ்ட் மூன்றாம் பதிப்பு, மந்திரம் கலந்த நம் பூமியை முதன்மைக் களமாக்கி, குளோராந்தாவைப் பக்கத்தில் வைத்தது. சோர்சரி என்ற மந்திர வகைக்கான விதிகள் வந்ததும் அதில்தான். கையிலுள்ள விதிநூல் எந்தக் காலத்தது என்ற சந்தேகம் வந்தால் சாதாரண மந்திர வகையின் பெயரைப் பாருங்கள்: 'பேட்டில் மேஜிக்' என்றிருந்தால் அது முதலிரு பதிப்புகளைச் சேர்ந்தது. அவலான் ஹில் பதிப்பில் அதற்கு 'ஸ்பிரிட் மேஜிக்' என்று பெயர்.