புரோட்டானுக்கு எந்தக் கரண்ட்? க்யூசிடி கூட்டல் விதிகளில் முதல் கணக்கு

க்யூசிடி என்பது குவார்க்குகளைப் பிணைக்கும் வலுவிசையின் கோட்பாடு. அதன் கூட்டல் விதிகள் என்ற கணக்கு முறையில் பேரியானின் (புரோட்டானைப் போல மூன்று குவார்க்குகளால் ஆன துகளின்) நிறையைக் கணக்கிட, அதை வெற்றிடத்திலிருந்து உருவாக்கவல்ல ஒரு குவார்க் சேர்க்கை முதலில் கையில் இருக்க வேண்டும். அதுதான் இன்டர்போலேட்டிங் கரண்ட் (மின்னோட்டம் அல்ல). ஷிஃப்மன், வைன்ஸ்டைன், சகாரோவ் 1979இல் இந்த முறையை மெசான்களுக்கு (குவார்க்கும் எதிர்க்குவார்க்கும் சேர்ந்த துகள்களுக்கு) கொண்டுவந்தார்கள். அங்கே கரண்ட் தேர்வு பெரும்பாலும் எளிது. பேரியான் என்றால் ஒன்றுக்கு மேற்பட்ட கரண்டுகள் வந்து நிற்கும். 1981இல் இயற்பியலாளர் யோஃபே புரோட்டானுக்கு எடுத்த கரண்டை நாமே படிப்படியாக வருவித்துப் பார்ப்போம்.

படி 1: நிறமும் பரிமாணமும். புரோட்டானில் இரண்டு யு, ஒரு டி குவார்க். மூன்றின் நிறக் குறிகளையும் (வலுவிசையில் மின்சுமை போன்ற ‘நிற’த்தைக் காட்டும் எண்களையும்) எப்சிலானால் (இரு குறிகளை இடம் மாற்றினால் கழித்தலாகும் குறியீட்டால்) இணைத்தால் மொத்தம் நிறமற்றதாகும். வகைக்கெழு எதையும் சேர்க்காதீர்கள். சேர்த்தால் பரிமாணம் (கரண்டில் உள்ள ஆற்றல் அலகின் அடுக்கு) 9/2க்கு மேலே போகும், உயர் ஆற்றல் நிலைகளின் பங்கு பெருகி புரோட்டான் அதில் அமுங்கிவிடும்.

படி 2: இரண்டு யு குவார்க்குகள். இதை மட்டும் அவசரப்படாமல், தாளில் எழுதிப் பாருங்கள். யு-க்களின் நடுவே சி என்ற மின்சுமை இணைமாற்ற அணியோடு ஒரு டிராக் அணியும் (குவார்க்கின் சுழற்சிக் கூறுகளை இணைக்கும் காமா-மியூ, காமா-5, சிக்மா-மியூநியூ போன்ற 4×4 அணி) இருக்கிறது. இரண்டு யு-க்களையும் இடம் மாற்றினால் ஃபெர்மியான் என்பதால் ஒரு கழித்தல் குறி வரும். நிறக் குறிகளைத் திரும்ப மாற்றும்போது எப்சிலான் இன்னொன்று தரும். இரண்டும் அடிபட்டுவிடுவதால், நடு அணி சமச்சீராக இருந்தால் மட்டுமே கரண்ட் பூச்சியமாகாமல் தப்பும். சி, சி காமா-5, சி காமா-5 காமா-மியூ மூன்றும் எதிர்ச்சமச்சீர், எனவே போய்விடும். மிஞ்சுவது சி காமா-மியூவும் சி சிக்மா-மியூநியூவும்தான்.

படி 3: சுழற்சி 1/2. தொங்கி நிற்கும் மியூ, நியூ குறிகளை டி குவார்க்கின் பக்கம் சுருக்குங்கள். முதலாவதில் டி-க்கு முன்னால் காமா-5 காமா-மியூ, இரண்டாவதில் காமா-5 சிக்மா-மியூநியூ. பாரிட்டி (கண்ணாடிப் பிரதிபலிப்பில் குறி மாறுமா என்பது) சரியாக அமைய காமா-5 தேவை.

படி 4: கைராலிட்டி (குவார்க்கின் இடக்கை, வலக்கைத் தன்மை). இந்த முறையில் புரோட்டானின் நிறை முக்கியமாகக் குவார்க் கண்டன்சேட்டிலிருந்தே (வெற்றிடத்தில் நிறைந்திருக்கும் குவார்க்-எதிர்க்குவார்க் இணைகளிலிருந்தே) வருகிறது. இரண்டாவது கரண்டில், கைராலிட்டியை மாற்றும் பகுதியில் கண்டன்சேட்டின் முதல் வரிசைப் பங்கு பூச்சியம். அப்புறம் நிறையை எங்கிருந்து எடுப்பது? ஆகவே முதலாவதே யோஃபே கரண்ட். பல ஆய்வுக் கட்டுரைகளில் பீட்டா என்ற எண் கலந்த பொதுக் கரண்ட் வரும். வழக்கமான குறியீட்டில் பீட்டா −1 என்றால் யோஃபே, +1 என்றால் இரண்டாவது.

படி 5: சரிபார்ப்பு. போரெல் அளவை (உயர் ஆற்றல் நிலைகளை அடக்க இந்த முறையில் நாம் தேர்ந்தெடுக்கும் ஆற்றல் அளவை) புரோட்டான் நிறைக்குச் சமமாக வைத்து, உயர் பங்குகளை ஒதுக்கினால், நிறையின் கனம் (மூன்றாம் அடுக்கு) = 8 × பையின் வர்க்கம் × கண்டன்சேட்டின் அளவு. கண்டன்சேட்டின் அளவு 0.24 கிகா எலக்ட்ரான் வோல்ட்டின் கனம் என்று போட்டால் நிறை சுமார் 1.03 கிகா எலக்ட்ரான் வோல்ட் வரும். உண்மை மதிப்பு 0.938. இவ்வளவு சுருக்கமான கணக்குக்கு இது அருமையான விடை!

ஒரு எச்சரிக்கை: இதே கரண்ட் எதிர்ப் பாரிட்டி கொண்ட என்(1535) என்ற கனமான பேரியானையும் உருவாக்கும். துல்லியம் வேண்டுமானால் அதையும் கணக்கில் கொள்ளுங்கள்.

அடுத்து சுழற்சி 3/2 கொண்ட டெல்டா++ பேரியானுக்குச் செய்து பாருங்கள். மூன்றும் யு, நடுவில் சி காமா-மியூ. மியூவைச் சுருக்காமல் விட்டு, தொடர்புச் சார்பில் (கரண்ட் ஓரிடத்தில் துகளை உருவாக்கி வேறிடத்தில் அழிப்பதை அளக்கும் சார்பில்) ஜி-மியூநியூ என்ற மெட்ரிக்கோடு வரும் பகுதியை மட்டும் எடுங்கள். சுழற்சி 1/2 நிலைகள் அதில் கலக்காது.