டிஃபென்டர்ல ரியல் டைம் ஸ்கேன்: தயவுசெஞ்சு இதையெல்லாம் பண்ணாதீங்க

விண்டோஸ் 10, 11 வச்சிருக்கவங்களுக்கு மைக்ரோசாஃப்ட் டிஃபென்டர்ங்கிற ஆன்டிவைரஸ் கூடவே வந்துடுது, அதுல ரியல் டைம் ப்ரொடெக்ஷனும் முதல் நாள்ல இருந்தே ஆன்ல தான் இருக்கும். அதனால புதுசா செட் பண்றதுக்குன்னு பெருசா ஒண்ணும் இல்ல. கெடுக்கிறதுக்கு தான் நிறைய இருக்கு, அதுல முக்கால்வாசி எக்ஸ்க்ளூஷன் லிஸ்ட் (இதையெல்லாம் ஸ்கேன் பண்ணாதேன்னு டிஃபென்டர்கிட்ட சொல்லி வைக்கிற லிஸ்ட்) வழியா நடக்குது, அந்த லிஸ்டை நிரப்புறது பெரும்பாலும் நாமளே தான்.

இது என்ன பண்ணுதுன்னு சுருக்கமா சொல்லிடுறேன். ஒரு ஃபைலை நீங்க திறக்கும்போதோ சேவ் பண்ணும்போதோ ரன் பண்ணும்போதோ, ஃபைல் சிஸ்டத்துக்கு நடுவுல உக்காந்திருக்கிற ஒரு ஃபில்டர் டிரைவர் அதை பிடிச்சு, டிஃபென்டர் எஞ்சின் பார்த்ததுக்கு அப்புறம் தான் விடும். டாஸ்க் மேனேஜர்ல ஆன்டிமால்வேர் சர்வீஸ் எக்ஸிக்யூட்டபிள்னு ஒண்ணு அப்பப்போ சிபியுவை தின்னுட்டு இருக்குமே, அந்த வேலை தான். சிஸ்டம் ஸ்லோவானதும் எல்லாரும் திட்டுறது இதை தான், உடனே அடுத்து தேடுறது "டிஃபென்டரை எப்படி ஸ்லோ பண்ணாம வைக்கிறது", அங்க இருந்து எக்ஸ்க்ளூஷனுக்கு வந்து நிக்கிறாங்க.

எக்ஸ்க்ளூஷன் போடுறதே தப்புன்னு நான் சொல்லல. டாலி மாதிரி அக்கவுண்டிங் சாஃப்ட்வேர் வச்சிருக்கிற ஆபீஸ்ல எல்லாம் இன்ஸ்டால் பண்ண வர்றவரே டேட்டா ஃபோல்டரை எக்ஸ்க்ளூட் பண்ணிட்டு போவாரு, அதுக்கு ஒரு காரணம் இருக்கு, ஒரே ஃபைலை பல தடவை திறந்து எழுதுற சாஃப்ட்வேர்ல ஒவ்வொரு தடவையும் ஸ்கேன் நடந்தா இழுக்கும். பிரச்சனை எங்கன்னா, டேட்டா ஃபோல்டரை மட்டும் போடுறதுக்கு சோம்பேறித்தனப்பட்டு டி டிரைவ் மொத்தத்தையும் போட்டுடுறது. இல்லன்னா டவுன்லோட்ஸ் ஃபோல்டரை போடுறது, வெளியில இருந்து வர்ற எல்லாமே முதல்ல வந்து இறங்குற இடம் அது, அங்கயே காவலை எடுத்துட்டா மிச்சம் என்ன இருக்கு. ஃபைல் டைப் எக்ஸ்க்ளூஷன் இன்னும் மோசம், எக்ஸ்இ-ன்னு (ப்ரோக்ராம் ஃபைல் பேரோட முடிவுல வர்ற .exe) டைப் பண்ணி சேர்த்தீங்கன்னா கம்ப்யூட்டர்ல எந்த மூலையில இருக்கிற எக்ஸ்இ-க்கும் அது பொருந்தும்.

எல்லாரும் குழப்பிக்கிற ஒண்ணு ப்ராசஸ் எக்ஸ்க்ளூஷன். ஒரு கேமோட எக்ஸ்இ பேரை அங்க சேர்த்தா அந்த எக்ஸ்இ-யை ஸ்கேன் பண்ணாதுன்னு நினைக்கிறாங்க, உண்மையில அப்படி இல்ல, அந்த ப்ரோக்ராம் திறக்கிற ஃபைல்களை தான் ரியல் டைம்ல ஸ்கேன் பண்ணாது, ப்ரோக்ராமை எப்பவும் போல ஸ்கேன் பண்ணும். கூரியர்காரரை மட்டும் செக் பண்ணு, அவர் கொண்டு வர்ற பார்சலை பிரிக்காதேன்னு வாட்ச்மேன்கிட்ட சொல்ற மாதிரி. இப்போ அந்த லிஸ்ட்ல ப்ரவுசரையோ, ஜிப் பிரிக்கிற வின்ராரையோ, கமாண்ட் டைப் பண்ணி ஓட்டுற பவர்ஷெல்லையோ போட்டா என்ன ஆகும்னு நீங்களே யோசிச்சுக்கோங்க. அதுவும் முழு பாத் இல்லாம வெறும் பேரை மட்டும் போட்டா, அதே பேர்ல வேற எந்த ஃபோல்டர்ல எது ஓடினாலும் அதுக்கும் அந்த சலுகை கிடைக்கும்.

இன்னொரு வித்தியாசமும் இருக்கு. ப்ராசஸ் எக்ஸ்க்ளூஷன் ரியல் டைமுக்கு மட்டும் தான், ஆனா ஃபோல்டர் எக்ஸ்க்ளூஷன் ஃபுல் ஸ்கேனுக்கும் சேர்த்து தான். ஸோ "ஃபுல் ஸ்கேன் ஓட்டினேன், ஒண்ணுமே வரல"ன்னு நிம்மதியா இருக்கிறவங்க, அந்த ஃபோல்டர் பக்கமே அது போகலங்கிறதை மறந்துடுறாங்க.

அடுத்தது கிராக், அதாவது காசு கட்டாம சாஃப்ட்வேரை ஓட்ட வைக்கிற திருட்டு ப்ரோக்ராம். ஆபீஸ் ஆக்டிவேட்டர், கேம் கிராக் எதுவா இருந்தாலும் உள்ள ஒரு டெக்ஸ்ட் ஃபைல் இருக்கும், "முதல்ல ஆன்டிவைரஸை ஆஃப் பண்ணுங்க, இது ஃபால்ஸ் பாசிட்டிவ்", அதாவது நல்ல ஃபைலையே வைரஸ்னு தப்பா பிடிக்குதுன்னு. ஜிப்புக்கு பாஸ்வேர்டும் போட்டு தான் கொடுப்பாங்க, ஏன்னா பாஸ்வேர்டு போட்ட ஜிப்புக்குள்ள ஸ்கேனரால பார்க்க முடியாது, எக்ஸ்ட்ராக்ட் பண்ற அந்த நிமிஷம் தான் ரியல் டைம் பிடிக்கும், அந்த நிமிஷத்துக்காக தான் ஆஃப் பண்ண சொல்றாங்க. ரியல் டைம் ஸ்விட்ச் கொஞ்ச நேரத்துல தானாவே ஆன் ஆயிடும், ஆனா கிராக்குக்காக போட்ட எக்ஸ்க்ளூஷன் நீங்க எடுக்கிற வரைக்கும் அப்படியே கிடக்கும். இதுல கூத்து என்னன்னா, அட்மின் பெர்மிஷன் கேட்டு எஸ் குடுத்துட்டீங்கன்னா அந்த ப்ரோக்ராமே பவர்ஷெல் வழியா தனக்கு வேண்டிய ஃபோல்டரை எக்ஸ்க்ளூஷன்ல சேர்த்துக்கும். டேம்பர் ப்ரொடெக்ஷன் ஆன்ல இருந்தா வேற ப்ரோக்ராம் ரியல் டைமை ஆஃப் பண்ண விடாது, கண்டிப்பா ஆன்லயே வைங்க, ஆனா வீட்டு கம்ப்யூட்டர்ல எக்ஸ்க்ளூஷன் லிஸ்டுக்கு அது பூட்டு போடாது. அதனால விண்டோஸ் செக்யூரிட்டி திறந்து, வைரஸ் அண்ட் த்ரெட் ப்ரொடெக்ஷன், மேனேஜ் செட்டிங்ஸ், கீழ எக்ஸ்க்ளூஷன்ஸ்னு போய், நீங்க போடாத என்ட்ரி ஏதாவது இருக்கான்னு ஒரு தடவை பார்த்துடுங்க. அப்படியே அலவ்ட் த்ரெட்ஸ் லிஸ்டையும் பாருங்க, எப்பவோ அவசரத்துல பாப்அப்ல "அலவ்" குடுத்தது எல்லாம் அங்க தான் சேர்ந்திருக்கும், அந்த லிஸ்ட் இருக்கிறதே நிறைய பேருக்கு தெரியாது.

ரெண்டு ஆன்டிவைரஸ் போட்டா ரெண்டு மடங்கு பாதுகாப்புன்னு ஒரு நம்பிக்கை இன்னும் சுத்திட்டு இருக்கு. வேற கம்பெனி ஆன்டிவைரஸ் இன்ஸ்டால் பண்ணினா டிஃபென்டர் தானாவே ஒதுங்கிக்கும், அது பரவாயில்ல. ஆனா வெளி கம்பெனி ஐட்டமே ரெண்டு போட்டா ரெண்டு ஃபில்டரும் ஒரே ஃபைலுக்கு மல்லுக்கட்டும், கம்ப்யூட்டர் நகராது. புது லேப்டாப்போட வர்ற ட்ரையல் ஆன்டிவைரஸையும் காசு கட்டி வாங்கப் போறதில்லன்னா முழுசா அன்இன்ஸ்டால் பண்ணிடுங்க. இப்போ யார் காவல்ல இருக்காங்கன்னு தெரியணும்னா விண்டோஸ் செக்யூரிட்டி செட்டிங்ஸ்ல மேனேஜ் ப்ரொவைடர்ஸ்ல பேர் இருக்கும்.

ஸ்லோ பிரச்சனைக்கு வர்றேன். ஸ்கேனுக்கு சிபியு லிமிட் 50 சதவீதம்னு ஒரு செட்டிங் இருக்கு, அதை 20 ஆக்கினா எல்லாம் சரியாயிடும்னு சொல்லுவாங்க, அது ஷெட்யூல்டு ஸ்கேனுக்கு தான், ரியல் டைமை அது தொடாது. எந்த ஃபைல், எந்த ப்ரோக்ராம் இழுக்குதுன்னு தெரிஞ்சுக்க டிஃபென்டருக்கே பெர்ஃபார்மன்ஸ் அனலைசர்னு ஒண்ணு இருக்கு, பவர்ஷெல்ல ஓட்டணும், அதைப் பார்த்துட்டு அந்த ஒரு ஃபோல்டரை மட்டும் விலக்குங்க. கோடிங் பண்றவங்க விண்டோஸ் 11ல டெவ் டிரைவ்னு கோடிங்குக்குன்னே இருக்கிற தனி டிரைவ் போட்டுக்கலாம், அங்க ஃபைலை முதல்ல திறக்க விட்டுட்டு ஸ்கேனை பின்னாடி பண்ணும், மொத்தமா எக்ஸ்க்ளூட் பண்றதை விட இது எவ்வளவோ மேல்.

சந்தேகமான ஃபைலை மைக்ரோசாஃப்ட் சர்வர்கிட்ட கேட்டு முடிவு பண்ற க்ளவுட் ப்ரொடெக்ஷனை ப்ரைவசின்னு சொல்லி ஆஃப் பண்றவங்க இருக்காங்க, உங்க இஷ்டம், ஆனா இதுவரைக்கும் யாரும் பார்க்காத புது ஃபைலை சந்தேகத்துல பிடிச்சு வைக்கிற வேலை அதை நம்பி தான் இருக்கு. சந்தேகமான ஃபைலை மைக்ரோசாஃப்ட்டுக்கு சாம்பிளா அனுப்புறதுலயும் பர்சனல் விஷயம் இருக்கலாம்னு தோணுற ஃபைலா இருந்தா உங்களைக் கேட்டுட்டு தான் அனுப்பும், அதனால நான் ரெண்டையும் ஆன்ல விடத்தான் சொல்லுவேன்.

ஜெராக்ஸ் கடையில பிரிண்ட் எடுத்துட்டு வந்த பென்டிரைவ் ஒரு தனி கதை. ஃபைலை திறக்கும்போது ரியல் டைம் பார்க்கும், ஆனா ஃபுல் ஸ்கேன் சாதாரணமா பென்டிரைவுக்குள்ள போகாது. சொருகினதும் ரைட் க்ளிக் பண்ணி ஸ்கேன் குடுத்துட்டு அப்புறம் திறங்க.

எல்லாம் மாத்தி முடிச்சதும் வேலை செய்யுதான்னு பார்க்க நிஜ வைரஸ் எல்லாம் தேட வேண்டாம், ஐகார் டெஸ்ட் ஃபைல்னு 68 எழுத்துல ஒண்ணு இருக்கு, ஒரு தீங்கும் பண்ணாது, ஆன்டிவைரஸ் எல்லாம் அதைப் பார்த்ததும் கத்தணும்னு பேசி வச்சிருக்காங்க. ஐகார் சைட்ல இருந்து இறக்கி, நீங்க எக்ஸ்க்ளூட் பண்ணாத ஒரு ஃபோல்டர்ல சேவ் பண்ணிப் பாருங்க, சத்தமே இல்லாம சேவ் ஆயிட்டா திரும்ப அந்த செட்டிங்ஸ் பக்கத்துக்கே போங்க.