யாழினி என்று பெயர் வைக்கும் முன்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

என் அச்சகத்துக் கண்ணாடி அலமாரியில் ஒரு வெள்ளிக் கிண்ணம் இருக்கிறது. அதில் 'யாலினி' என்று பொறித்திருக்கும். கிண்ணம் கைக்கு வந்த அன்று அந்தப் பெயரில் எங்கள் குடும்பத்தில் யாரும் கிடையாது. தங்கை மகள் யாழினிக்குத் தாய்மாமன் சீர் செய்ய, செவ்வாய்ப்பேட்டையில் ஆசையாகச் சொல்லிச் செய்த கிண்ணம் அது. பட்டறைக்காரர் மேல் தவறில்லை. செல்போனில் ஆங்கில எழுத்தைத் தட்டித் தமிழாக்கி அவருக்கு அனுப்பியவன் நான். எல் தட்டினேன், ல வந்தது, பார்க்காமல் அனுப்பிவிட்டேன். அவர் வந்ததை வந்தபடி பொறித்துக் கொடுத்துவிட்டார்.

இத்தனைக்கும் என் பிழைப்பே எழுத்து கோப்பதுதான். சேலத்தில் சின்ன அச்சகம். காதுகுத்து, பூப்பு நன்னீராட்டு, கல்யாணம், வீட்டுக் குடிபுகல் என்று ஊர்ப் பெயர்கள் எல்லாம் என் மேசையைத் தாண்டித்தான் போகும். ஆர்டர் புத்தகத்தைப் புரட்டினாலே பெயர் ஃபேஷன் தெரிந்துவிடும். கல்யாணப் பத்திரிகையில் பெண்ணின் அம்மா பெயர் தேன்மொழி, தமிழ்ச்செல்வி, கயல்விழி என்று இருக்கும். மணப்பெண் பெயரில் ஒரு ஷாவோ ஸ்ரீயோ இகாவோ ஒட்டியிருக்கும். அதே வீட்டில் நாலு வருஷம் கழித்துக் காதுகுத்து வந்தால் குழந்தை யாழினி, மகிழினி, ஆதிரை. பாட்டி காலத்துக்கே திரும்பிவிட்டார்கள். 1916-இல் தனித்தமிழ் இயக்கம் தொடங்கிய வேதாசலம், வேதத்தை மறையாக்கி, அசலத்தை மலையாக்கி, மறைமலை அடிகள் ஆனார். அந்த அலை ஓய்ந்து ஓய்ந்து மறுபடி எழும்புகிறது போலிருக்கிறது. இந்தப் புது வரிசையில் யாழினிக்குத்தான் கிராக்கி. சில மாதங்களில் ஒரே வாரத்தில் இரண்டு யாழினிகளுக்குக் காது குத்துகிறார்கள்.

கிராக்கி கூடக் கூடத் தப்பும் கூடுகிறது. முதல் தப்பு அர்த்தத்தில். செல்போனில் தேடினால் 'வீணை போன்றவள்' என்று வரும், அதையே பத்திரிகையிலும் போடச் சொல்வார்கள். யாழ் வேறு, வீணை வேறு. வீணையின் தண்டில், தந்திக்குக் குறுக்கே மெட்டு என்ற கம்பிகள் உண்டு. ஒரே தந்தியை வெவ்வேறு இடத்தில் அழுத்தி வெவ்வேறு சுரம் எடுப்பார்கள். யாழில் மெட்டு கிடையாது. ஒரு நரம்புக்கு ஒரு சுரம், அவ்வளவுதான். அதனால்தான் நரம்புகளின் எண்ணிக்கையை வைத்தே யாழுக்குப் பெயர் பிரித்தார்கள்: பேரியாழுக்கு 21 நரம்பு, செங்கோட்டியாழுக்கு 7. சிலப்பதிகாரத்தில் மாதவி கடற்கரையில் மீட்டுவது இந்த யாழைத்தான். பிறகு அது வழக்கொழிந்து, வாசிக்க ஆளே இல்லாமல் போனது. ஈழத்து விபுலாநந்த அடிகள் பல வருஷம் உழைத்து, பழைய நூல்களிலிருந்து அதன் இலக்கணத்தை மீட்டு, 1947-இல் 'யாழ் நூல்' என்று வெளியிட்டார். இவ்வளவு கதை உள்ள ஒரு கருவியை 'வீணை போல' என்று ஒரு வார்த்தையில் முடித்துவிடுவது எனக்கு மனசு ஒப்பாத காரியம்.

அடுத்தது 'சங்க காலப் பெயர்' என்று அடித்துச் சொல்வது. யாழ் சங்க காலத்தது. யாழினி என்ற பெயருக்கு வந்திருக்கும் மவுசு நம் காலத்தது. ஆனால் அந்த 'இனி' இருக்கிறதே, அது சும்மா வந்து ஒட்டியதல்ல. பத்மினி, மோகினி மாதிரி வடமொழி விகுதி என்று சொல்வோர் உண்டு. சங்கப் பாட்டைத் திறந்தால் பாணர் குலத்துப் பாடும் பெண்ணுக்குப் பாடினி என்றே பேர். எயினர் என்ற வேடர் குலத்துப் பெண் எயினி. புறநானூற்றில் பாட்டெழுதிய ஒரு பெண் புலவரின் பெயர் குறமகள் இளவெயினி. பாடினி என்றால் பாடுகிறவள். அப்படியானால் யாழினியை 'யாழுக்கு உரியவள்' என்று எடுத்துக்கொள்ள நல்ல இடமிருக்கிறது. யாழ் போன்றவள் என்பதைவிட இது எனக்குப் பிடித்திருக்கிறது. போன்றவள் என்றால் யாரோ மீட்ட வேண்டும். உரியவள் என்றால் அவளே மீட்டுவாள்.

இன்னும் சிலர் 'இனிய யாழ்' என்று பிரிப்பார்கள். 'குழலினிது யாழினிது' என்ற குறள் காதில் விழுந்த பழக்கம். அந்தக் குறளை முழுக்கப் படித்தால் சங்கதி வேறு. குழலும் யாழும் இனிது என்று சொல்கிறவர்கள் தம் குழந்தைகளின் மழலையைக் கேட்காதவர்கள் என்கிறார் வள்ளுவர். ஆக, பத்திரிகையில் அந்தக் குறளில் முதல் அடியை மட்டும் போட்டு நிறுத்தச் சொல்லாதீர்கள். பாதியில் நிறுத்தினால் வள்ளுவர் யாழைப் புகழ்ந்த மாதிரி ஆகிவிடும். இதை நான் எடுத்துச் சொல்லி, "முழுசாப் போட்டா எடம் பத்தாதுங்ண்ணா" என்று பதில் வாங்கியிருக்கிறேன். சாமி படத்தைச் சின்னதாக்கிப் போட்டுக் கொடுத்தேன்.

அர்த்தத்தில் ஏமாறுவது சேலத்துக்காரர்களுக்குப் புதிதல்ல. இங்கே சுகவனம் என்ற பெயரில் எத்தனை ஆண்கள்! சுகமான வனம் என்று அவர்களே நினைத்துக்கொண்டிருப்பார்கள். சுகவனேசுவரர் கோயில் சாமியின் பெயரில் உள்ள சுகம் வடமொழியில் கிளி. கிளிக்காடு. சாமிக்கு இன்னொரு பெயரே கிளிவண்ணமுடையார். மேலே ஏற்காட்டுக்குப் போனால் அங்கே காலங்காலமாக வாழ்கிற பழங்குடி மக்களுக்கு மலையாளி என்று பெயர். மலையை ஆள்கிறவர்கள், பேசுவது தமிழ். கீழேயிருந்து போகிறவர்கள் "கேரளாவா?" என்று கேட்டுவைப்பார்கள். அந்த ஏற்காடே ஏரிக்காடுதான். சொல்லைப் பார்த்த மாத்திரத்தில் அர்த்தம் தெரிந்துவிட்டதாக நினைத்தால் இப்படித்தான்.

நட்சத்திர எழுத்து விஷயத்தை அதிகம் நீட்டப் போவதில்லை, அவரவர் நம்பிக்கை. கேட்டை நட்சத்திரத்துக்கு நோ, ய, யி, யு என்பார்கள். அதில் ய வருகிறவர்களுக்கு யாழினி சுலபமாகக் கிடைத்துவிடுகிறது. திண்டாட்டம் பூரத்துக்கு: மோ, ட, டி, டு. டகரம் தமிழ்ச் சொல்லுக்கு முதலில் வராத எழுத்து. வராத எழுத்தில் தமிழ்ப் பெயர் தேடி, கிடைக்காமல், கடைசியில் எந்த மொழியிலும் இல்லாத ஒரு சத்தத்தைப் பெயராக்கிக் கொண்டு வருகிறார்கள். ஆடிப்பூரத்தில் பிறந்த ஆண்டாளுக்குப் பெரியாழ்வார் வைத்த பெயர் கோதை. இதை ஒரு பாட்டியிடம் சொன்னேன். யோசித்துவிட்டு, "அவரு ஆழ்வாரு, நமக்கெல்லாம் எழுத்து வேணுங் கண்ணு" என்றார். சரி.

இப்போது ழ. பெரிய தலைவலி இதுதான். நம் ஊர்ப் பக்கம் ழகரத்தை ளகரமாகச் சொல்கிறவர்கள் ஏராளம். வாழப்பாடிக்குப் போகிற பஸ்ஸில் கண்டக்டர் வாளப்பாடி என்று கூப்பிட்டால் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. எங்கள் அம்மாயி யாளினி என்றுதான் கடைசிவரை கூப்பிட்டார். அன்பில் குறை ஒன்றுமில்லை. ஆனால் பெயர் வைப்பதற்கு முன் வீட்டில் உள்ள எல்லோரும் வாய்விட்டு நாலு தடவை கூப்பிட்டுப் பாருங்கள். அப்பா, தாத்தா, பக்கத்து வீடு, எல்லோருக்கும் ள தான் வருகிறது என்றால் அந்தக் குழந்தை ஆயுசுக்கும் திருத்திக்கொண்டே இருக்க வேண்டும். அது பரவாயில்லை என்றால் வையுங்கள். சிரமம் என்றால் இனியா, தேன்மொழி, நிலா என்று நாக்கு உருளாத இனிமையும் தமிழில் உண்டு.

ஆங்கிலத்தில் இன்னும் குழப்பம். தமிழ்நாட்டில் ழகரத்துக்கு இசட் எச் போடுவது வழக்கம். ஈழத் தமிழர்கள் எல் போடுவார்கள். இரண்டும் ஊரறிந்த முறைதான். ஒன்றை எடுத்துக்கொண்டு அதிலேயே நிற்க வேண்டும். இசட் எச் போட்டால் பெங்களூரில் யாஜினி என்று படிப்பார்கள், எல் போட்டால் யாலினி என்று படிப்பார்கள். இரண்டிலும் தப்ப முடியாது. வீட்டில் அம்மா ஒரு விதமாகவும் அப்பா ஒரு விதமாகவும் எழுதுவதுதான் ஆபத்து. அப்புறம் எண் கணிதம் பார்த்து நடுவில் ஒரு ஏ, கடைசியில் ஒரு எச். பிறந்தபோது ஒன்று, எண் பார்த்த பிறகு ஒன்று, பள்ளிக்கூடத்தில் ஒன்று என்று மூன்று யாழினிகள் காகிதத்தில் பிறந்துவிடுவார்கள். எண் பார்ப்பதென்றால் பதிவுக்கு முன்னாலேயே பார்த்து முடித்துவிடுங்கள்.

பதிவு பற்றிச் சொல்லியாக வேண்டும். பிறப்பை 21 நாளுக்குள் பதிய வேண்டும். ஆனால் அதற்குள் பெயரும் முடிவாக வேண்டும் என்று கட்டாயமில்லை. பெயர் இல்லாமலே பிறப்பைப் பதியலாம். 12 மாதத்துக்குள் பெயரைக் கட்டணமில்லாமல் சேர்க்கலாம், அதற்கு மேல் தாமதக் கட்டணத்தோடு 15 வருஷம்வரை சேர்க்கலாம். இது தெரியாமல், ஆஸ்பத்திரியில் படிவம் நீட்டும்போது பதறிப்போய், கைக்கு வந்த எழுத்தில் எழுதிக் கொடுத்துவிடுகிறார்கள். என் தங்கை வீட்டிலும் இதுதான் நடந்தது. சான்றிதழில் தமிழில் ழ, ஆங்கிலத்தில் எல். பிறகு ஆதாரில் இசட் எச். இதைச் சரிசெய்ய என் மைத்துனர் அலைந்த அலைச்சலில் பத்து முறை ஏற்காடு போய் வந்திருக்கலாம்.

முன்பென்றால் பள்ளிச் சான்றிதழை வைத்துச் சமாளிப்பார்கள். 1-10-2023 அன்றும் அதற்குப் பிறகும் பிறந்த குழந்தைகளுக்கு அந்தச் சமாளிப்பு எடுபடாது. பள்ளிச் சேர்க்கை, ஓட்டுநர் உரிமம், வாக்காளர் பட்டியல், பாஸ்போர்ட், கல்யாணப் பதிவு என எல்லாவற்றுக்கும் பிறந்த தேதிக்கும் இடத்துக்கும் பிறப்புச் சான்றிதழே ஆதாரம் என்று சட்டம் திருத்தப்பட்டுவிட்டது. எனவே சான்றிதழ் கைக்கு வந்ததும் மடித்துப் பீரோவில் வைக்காமல் தமிழ், ஆங்கிலம் இரண்டையும் எழுத்துக்கூட்டிப் படியுங்கள். தலைப்பெழுத்தையும் சேர்த்து. பிழை இருந்தால் உடனே திருத்த மனு கொடுங்கள். வளர்ந்த பிறகு பெயரையே மாற்றுவதென்றால் அரசிதழில் அறிவிப்பு வர வேண்டும், அது தனிக் கதை.

பத்திரிகை அடிக்கக் கொடுக்கும்போதும் குரலில் சொல்லாதீர்கள், செல்போனில் தட்டாதீர்கள். ஒரு வெள்ளைத் தாளில் பேனாவால் எழுதிக் கொடுங்கள். வெள்ளிப் பட்டறைக்கும் அப்படியே.

கிண்ணத்தை உருக்கி வேறு செய்துவிடலாம் என்று போன மே மாத லீவில் எடுத்தேன். யாழினி விடவில்லை. அச்சகத்தில் தாள் கட்டுகளின் மேல் படுத்துக் கிடக்கும் சாம்பல் பூனைக்கு யாலினி என்று பெயர் வைத்துவிட்டாள். கூப்பிட்டால் அதுவும் வருகிறது. வெள்ளிக் கிண்ணத்தில் பூனைக்குப் பால் ஊற்ற மட்டும் என் மனைவி இன்னும் சம்மதிக்கவில்லை.