சிறுகதையையும் திரைப்படத்தையும் சேர்த்துப் படிப்பது எப்படி?

வடசென்னையில் பழைய வண்ணாரப்பேட்டை தியாகராயா கல்லூரியானாலும், வியாசர்பாடி அம்பேத்கர் அரசு கலைக் கல்லூரியானாலும், பிராட்வே பாரதி மகளிர் கல்லூரியானாலும், இலக்கியத்தில் சேர்வதற்கு முன் துறைக்குச் சென்று பாடத்திட்டத்தைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். திரைப்படம் சில இடங்களில் தனிப் பாடத் தாளாக இருக்கும். சில இடங்களில் நாடகத்துக்கோ இதழியலுக்கோ உரிய தாளில் ஓர் அலகாக ஒளிந்திருக்கும். எங்குமே இல்லாவிட்டால், இறுதியாண்டு ஆய்வேட்டின் தலைப்பாக அதை வைத்துக்கொள்ள முடியுமா என்று முதலாண்டிலேயே பேராசிரியரிடம் கேட்டுவிடுவது நல்லது.

என் முதல் கட்டுரையில் நாவலில் இருந்து படத்தில் விடுபட்டவற்றை எல்லாம் எண்ணிட்டு அடுக்கியிருந்தேன். "கணக்குப் பிள்ளை வேலை பார்த்திருக்கிறாய்" என்று சொல்லி ஆசிரியர் திருப்பித் தந்துவிட்டார். கோபம் வந்தது, ஆனால் அவர் சொன்னதில் தவறில்லை. விடுபட்டது எது என்பதைக் காட்டிலும், எழுத்தாளர் சொல்லால் செய்ததை இயக்குநர் எதைக் கொண்டு செய்கிறார் என்பதுதான் இங்கு கேள்வி.

பழகுவதற்கு ஜெயகாந்தனை எடுத்துக்கொள்ளலாம். 1966இல் வெளிவந்த 'அக்கினிப் பிரவேசம்' சிறுகதையில், காரில் ஏற்றிச் சென்ற அந்நியன் ஒருவனால் மகளுக்கு நேர்ந்ததை அறிந்த தாய் அவள் தலையில் நீரை ஊற்றி, அவளைத் தூய்மையானவளாக ஏற்றுக்கொண்டு, விஷயத்தை வெளியே தெரியாமல் காக்கிறாள். அதே தாய் ஊரறியக் கதறியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்ற எண்ணத்திலிருந்து 'சில நேரங்களில் சில மனிதர்கள்' நாவல் விரிகிறது, அதே பெயரில் 1977இல் ஏ. பீம்சிங் இயக்கிய படத்துக்குத் திரைக்கதையையும் ஜெயகாந்தனே எழுதினார். ஒரே ஆசிரியரின் கையில் ஒரே கரு மூன்று வடிவம் கொண்டிருப்பதால், மூலத்துக்கு எது துரோகம் என்ற பழைய வழக்குக்கு இங்கு இடமில்லை.

முதலில் படத்தைப் பார்க்காதீர்கள். சிறுகதையின் தொடக்கத்தை மட்டும் படியுங்கள்: பெண்கள் கல்லூரியின் முன்னால் பேருந்துக்காக மாணவியர் வரிசையாக நிற்கிறார்கள், ஆசிரியர் அதை வானவில்லுக்கு ஒப்பிடுகிறார், வாக்கியம் நிகழ்காலத்தில் முடிகிறது. திரைக்கதையும் நிகழ்காலத்தில்தான் எழுதப்படும் என்பதால், கேமரா ஏற்கெனவே அங்கு நிற்பதுபோல் தோன்றும். ஆனால் உவமையைக் கேமராவால் எடுக்க முடியாது. படமோ கறுப்பு வெள்ளை. அந்த வரிசையை நீங்கள் எப்படிக் காட்டுவீர்கள் என்று ஐந்தாறு ஷாட்டுகளாக (ஒரு ஷாட் என்பது நடுவில் வெட்டாமல் எடுக்கும் ஒரு துண்டு) எழுதி வைத்த பிறகே படத்தைப் போடுங்கள்.

அடுத்த பயிற்சிக்குச் செலவு கிடையாது. மாலை ஐந்து மணிக்கு மின்ட் பேருந்து நிலையத்தில் பத்து நிமிடம் நின்றுவிட்டு வந்து, கண்டதை ஒரு பக்கம் எழுதுங்கள். மறுநாள் அதே இடத்தில் இருபது இருபது வினாடியாக மூன்று ஷாட்டுகளைக் கைபேசியில், நடுவில் வெட்டாமல் எடுங்கள். தாளில் 'கூட்டம்' என்ற ஒற்றைச் சொல்லால் நீங்கள் கடந்துபோனதைக் கைபேசி அப்படி விடாது. யாரோ ஓர் அம்மாவின் காய்கறிப் பை, படிக்கட்டில் தொங்கும் பையனின் ஒற்றைச் செருப்பு என்று ஒவ்வொன்றாக வந்து நிற்கும். நடத்துநரின் விசில், திரையில் தெரியும் சட்டகத்துக்கு வெளியிலிருந்து படத்தோடு சேர்ந்தே கேட்கும். எழுத்திலோ அது தன் முறை வரும்வரை காத்திருக்க வேண்டும். இந்த ஒரு வேற்றுமையைக் கையால் உணர்ந்தவருக்குக் கோட்பாட்டு நூல்கள் பாதி எளிதாகிவிடும்.

நூல்களுக்கு எழும்பூர் கன்னிமாரா நூலகம் போதும். வண்ணாரப்பேட்டையில் மெட்ரோ ஏறி சென்ட்ரலில் மாறினால் எழும்பூர் வந்துவிடும். பழைய இதழ்களைப் பார்க்க வேண்டுமென்றால் தரமணி ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்துக்குத்தான் செல்ல வேண்டும். தண்டையார்பேட்டை அகஸ்தியா திரையரங்கு 2020இல் மூடப்பட்டது. இருந்திருந்தாலும் பழைய படங்களை மடிக்கணினியில்தான் பார்த்திருப்போம். ஒருமுறை ஒலியோடும் இன்னொருமுறை ஒலியில்லாமலும் பாருங்கள். ஒற்றை அறை வீட்டில் எல்லோரும் உறங்கிய பின் பார்ப்பவர்களுக்கு இரண்டாவது முறை வசதியும்கூட.

கட்டுரையில் நாவலுக்குப் பதிப்பும் பக்க எண்ணும் தருவதுபோல, படத்துக்கு மணி, நிமிடம், வினாடியைக் குறிப்பிடுங்கள். விடைத்தாளைத் திருத்துபவரின் கையில் படம் இருக்காது என்பதால், காட்சியை மூன்று வரியில் விவரித்துவிட்டு, நான்காம் வரியில் உங்கள் வாதத்தைத் தொடங்குங்கள்.